எலும்புத் தாளிச்சா: கறி வெந்தால் காய் கரைகிறது, காய் நின்றால் பருப்பு வேகவில்லை

முள்ளியாற்றங்கரை (திருத்துறைப்பூண்டி)

அனைவருக்கும் வணக்கம். ஆட்டெலும்பும் கறியும் பருப்பும் நாலைந்து வகைக் காயும் சேர்த்து வீட்டிலேயே கெட்டியாகத் தாளிச்சா வைக்க வேண்டும் என்று 2 மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன். சிறு வயதில் எங்கள் பக்கத்து வீட்டில் நெய்ச்சோறு ஆக்கும் நாள்களில் ஒரு தூக்குவாளி நிறைய எங்களுக்கும் வரும். அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அருகில் எவரும் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு 5 விசில் விட்டேன். கத்தரிக்காய் தோலை மட்டும் மிச்சம் வைத்துக் கரைந்து போயிருந்தது. கறி நார்நாராக, மென்று தின்ன முடியாமல் இருந்தது. பருப்போ விதை விதையாக நின்றது. இரண்டாம் முறை குக்கரை ஒதுக்கிவிட்டு அடிகனமான பாத்திரத்தில், புளிக்கரைசலையும் தொடக்கத்திலேயே ஊற்றி, 2 மணி நேரம் கொதிக்க வைத்தேன். கறியில் மாற்றம் இல்லை. பருப்பு அப்போதும் மலரவில்லை. அரை கிலோ தொடைக்கறி, எலும்பில்லாமல் நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். கால் கிலோ துவரம்பருப்பு, 6 கத்தரிக்காய், ஒரு வாழைக்காய், ஒரு மாங்காய், எலுமிச்சை அளவு புளி. எங்கே தவறுகிறது என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

ஒரத்தநாட்டு உழவன்

தம்பி, தவறு கறிக்கடையிலேயே தொடங்கிவிட்டது. தொடைக்கறி வறுவலுக்கு உரியது. அதில் கொழுப்பும் சவ்வும் குறைவு. நெடுநேரம் கொதிக்கும் குழம்பில் அதைப் போட்டால் உள்ளிருக்கும் சாறெல்லாம் வெளியேறிச் சக்கைதான் மிஞ்சும். குழம்புக்கு நெஞ்செலும்பு, கழுத்துக்கறி, முன்னங்கால் சப்பை, நல்லி ஆகியவற்றைக் கலந்து வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். பார்வைக்கு அவ்வளவு அழகாக இராது. ஆனால் எலும்பை ஒட்டியிருக்கும் அந்தச் சவ்வு பொறுமையாக வேகும்போது உருகி, சாற்றுக்கு விரலில் ஒட்டும் பிசுபிசுப்பைத் தரும். குழம்பின் உடம்பே அதுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கறியோடு பருப்புச் சேர்ப்பதில்லை. சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்து ஊற்றி, முருங்கைக்காயோ வாழைக்காயோ போட்டுக் குழம்பு வைப்போம். நடவு நாள்களில் அரைக் கிலோ கறி பத்துப் பேருக்குப் போதும்படி ஆனது காய்களால்தான். பருப்புச் சேர்த்தால் கறியின் மணம் மங்கிவிடும் என்பது என் எண்ணம்.

நாகூர்ச் சமையலறை

உழவன் அண்ணன் கறியைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. பருப்பைப் பற்றிச் சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தாளிச்சாவில் பருப்பு கறியின் மணத்தை மறைப்பதில்லை, எலும்பிலிருந்து இறங்கும் நெய்ப்பசையை வாங்கி வைத்துக்கொள்கிறது. பருப்பில்லாமல் வைத்தால் அந்தக் கொழுப்பு மேலே மிதந்து நிற்கும். பருப்பு மசிந்து கலந்திருந்தால் சோற்றில் ஒவ்வொரு பிடியிலும் அது இருக்கும். நெய்ச்சோற்றுக்கு இதை வைப்பதன் காரணமும் அதுவே. சோற்றில் நெய்யின் கனம் இருக்கிறது. அதற்கு மேல் புளிப்பும் பருப்பும் காயும் உள்ள ஒன்று வந்தால்தான் இரண்டாம் முறை சோறு வாங்கத் தோன்றும்.

தம்பிக்கு என் உம்மா (அம்மா) கற்றுத்தந்த முறையை வரிசையாகச் சொல்கிறேன். கறியும் எலும்பும் தனியாக, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், உப்பு மட்டும் சேர்த்து முக்கால் பதம் வேக வேண்டும். பருப்பு தனி அடுப்பில், மஞ்சள்தூள் மட்டும் போட்டு, மத்தால் கடையும் அளவுக்கு மலர வேண்டும். நாங்கள் 3 பங்கு துவரம்பருப்புக்கு ஒரு பங்கு கடலைப்பருப்பு சேர்ப்போம். கடலைப்பருப்பை முழுக்கக் கடைந்துவிடாமல் ஆங்காங்கே அரையாக விட்டால் நன்றாக இருக்கும். வேறொரு சட்டியில் எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், வெங்காயம், பச்சைமிளகாய், தக்காளி வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பச்சை வாடை போகப் பிரட்டி, கறியை அதன் சாற்றோடு ஊற்றி, முதலில் வாழைக்காயைப் போட வேண்டும். அது பாதி வெந்ததும் கடைந்த பருப்பு. அதன் பின்னர்தான் புளிக்கரைசலும் கத்தரிக்காயும். மாங்காய் கடைசி. இந்த வரிசையில் ஒன்று முன்பின்னாக மாறினாலும் தெரிந்துவிடும்.

கத்தரிக்காயைக் காம்பை நறுக்கி எறியாமல், காம்போடு சேர்த்து நான்காகக் கீறிப் போடுங்கள். காம்புதான் அதைக் கட்டிப் பிடித்திருக்கும்.

மயிலாடுதுறை மருமகள்

நான் வேலைக்குப் போகிறவள். இத்தனை அடுப்பும் சட்டியும் எனக்கு ஞாயிற்றுக்கிழமையில்கூட இயலாது. குக்கரிலேயே 2 கட்டமாகச் செய்கிறேன், நன்றாக வருகிறது. விசிலை எண்ணுவதை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். பெரிய தீயில் 5 விசில் 6 நிமிடத்தில் வந்துவிடும், சிறிய தீயில் அரை மணி நேரம் ஆகும். இரண்டும் ஒன்றாகுமா? முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். இளங்கறி என்றால் 15 நிமிடம், முற்றிய ஆடு என்றால் 25 நிமிடம். பருப்பை ஒரு சிறிய கிண்ணத்தில் தனித் தண்ணீர் விட்டு அதே குக்கருக்குள் மேலே வைத்துவிடலாம். ஆவி தானாக அடங்கிய பின் திறந்து, காய்களைத் திறந்த குக்கரிலேயே மூடாமல் வேகவிட்டால் போதும்.

ஓய்வுபெற்ற வேதியியல் (கும்பகோணம்)

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில், இங்கே கைப்பழக்கமாகச் சொல்லப்படும் செய்திகளின் காரணத்தைக் கொஞ்சம் விரித்து எழுத விரும்புகிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டால் எந்தக் காய் கிடைக்கிறதோ அதற்கேற்ப வரிசையை நாமே அமைத்துக்கொள்ளலாம்.

இறைச்சியை மென்மையாக்குவதும் காயை மென்மையாக்குவதும் இரண்டு வேறு வேலைகள். உழவன் அவர்கள் சவ்வு என்று சொன்னதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். அது ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரத்தில், நெடுநேரம் இருக்கும்போதுதான் அவிழ்ந்து ஜெலட்டினாக மாறும். தொடையின் தசைநார்களோ சூடு ஏற ஏறச் சுருங்கித் தம்மிடமுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். சவ்வுள்ள துண்டில் அந்த இழப்பை ஜெலட்டின் ஈடுசெய்கிறது. சவ்வில்லாத துண்டில் ஈடுசெய்ய ஒன்றும் இல்லை. தளதளவென்று கொதிக்க விடாமல், ஓரத்தில் மட்டும் குமிழி எழும்படி வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். குக்கருக்குள் வெப்பம் ஏறக்குறைய 120 டிகிரி வரை போவதால் 2 மணி நேர வேலை அரை மணிக்குள் முடிகிறது. அந்த வெப்பத்தில் கத்தரிக்காய் 3 நிமிடம்கூடத் தாங்காது.

காய்க்கும் பருப்புக்கும் வருவோம். அவற்றின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பசை பெக்டின். அது கரைந்தால்தான் காய் மென்மையாகும், பருப்பு மலரும். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் உள்ள நீரில் பெக்டின் எளிதில் கரையாது. ஆகவே வேகாத பருப்பைப் புளித்தண்ணீரில் போட்டால் 2 மணி நேரம் கொதித்தாலும் அது கல்லாகவே நிற்கும். நண்பரின் இரண்டாம் முயற்சியில் நடந்தது இதுவே. தக்காளியும் மாங்காயும் இதே வேலையைச் செய்யும் என்பதை மறக்க வேண்டாம்.

நாகூர் அம்மையார் கத்தரிக்காயைப் புளியோடு சேர்த்துப் போடச் சொன்னதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி பொங்கியது. பருப்புக்கு எது தடையோ அதுவே கத்தரிக்காய்க்குக் காவலாகிறது. வெறும் தண்ணீரில் 10 நிமிடத்தில் குழைந்துவிடும் கத்தரிக்காய், புளியில் வேகும்போது உள்ளே வெந்தும் வெளியே உருக்குலையாமலும் நிற்கும். வாழைக்காய் சற்றுக் கடினமானது, முதலிலேயே புளியில் போட்டால் வேகாமல் நறுக்கென்று நிற்கும்; எனவே அது பாதி வெந்த பிறகு புளி வருவது பொருத்தம். அவருடைய உம்மாவின் வரிசையில் ஓரிடத்தைக்கூட நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

முள்ளியாற்றங்கரை

ஐயாவுக்கும் அக்காக்களுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. நேற்று நெஞ்செலும்பும் கழுத்துக்கறியும் முக்கால் கிலோ வாங்கி, நாகூர் அக்கா சொன்ன வரிசைப்படியே செய்தேன். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. கத்தரிக்காய் முழுசாக நின்றது. என் மனைவி முதல் முறையாக இரண்டாம் கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் பருப்பு இந்த முறையும் ஏமாற்றியது. புளி படவேயில்லை, தனியாக, மஞ்சள்தூள் மட்டும் போட்டு, குக்கரில் 25 நிமிடம் வைத்தேன். கடைந்தால் மணல்போல் இருக்கிறது, பாலாகக் கரைய மறுக்கிறது. சுரைக்காயும் கொஞ்சம் சேர்த்தேன், குழம்பு நீர்த்துவிட்டது. ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் பருப்பு வெந்துவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். போடலாமா?

ஓய்வுபெற்ற வேதியியல் (கும்பகோணம்)

எந்தத் தண்ணீரில் வேக வைத்தீர்கள்?

முள்ளியாற்றங்கரை

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், ஐயா. குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். சமையலுக்கும் மற்றெல்லாவற்றுக்கும் இதுதான். கொஞ்சம் உப்புக் கரிக்கும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

ஓய்வுபெற்ற வேதியியல் (கும்பகோணம்)

அந்த வெள்ளைப் படிவுதான் விடை. கடினநீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. அவை பெக்டினோடு பிணைந்து அதை இன்னும் இறுக்கிக் கட்டிவிடும். புளி இல்லாமலேயே பருப்பு வேகாமல் போவதற்கு அது போதுமானது. பருப்பைக் கேன் தண்ணீரில் ஊறவைத்து அதே தண்ணீரில் வேகவிடுங்கள். கறிக்கு உங்கள் கிணற்றுத் தண்ணீரே போதும், ஆனால் உப்பைக் குறைத்துப் போடுங்கள். பருப்பு பழையதா என்றும் பாருங்கள். வெக்கையிலும் ஈரத்திலும் ஓராண்டு மூட்டையில் கிடந்த பருப்பு நல்ல தண்ணீரிலும் எளிதில் மலராது.

ஆப்பச்சோடா பருப்பை வேக வைக்கும் என்பது உண்மை, அமிலம் செய்வதற்கு நேர்மாறான வேலையை அது செய்கிறது. ஆனால் பருப்பிலுள்ள தயாமின் என்னும் பி1 வைட்டமின் அழியும், சற்றுக் கூடினால் சவர்க்காரச் சுவை தட்டும், பிறகு ஊற்றும் புளியின் ஒரு பகுதியும் வீணாகும். தண்ணீரை மாற்றும் வழி இருக்கும்போது அது வேண்டாம்.

நாகூர்ச் சமையலறை

ஐயா சொல்வதைக் கேட்டதும் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பக்கமும் கடலோரம்தான், கிணறுகள் கரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து, வேடுகட்டி மூடி வைப்போம். அந்தத் தண்ணீர் பருப்புக்கும் தேநீருக்கும் மட்டும்தான். ஏன் என்று உம்மாவிடம் கேட்டதில்லை.

சுரைக்காயைப் பற்றி: அது வேகும்போது தன்னிடமுள்ள நீரையெல்லாம் விட்டுவிடும். சேர்ப்பதானால் கறிச்சாற்றை முன்கூட்டியே சுண்டவைத்துக்கொண்டு, பெரிய துண்டுகளாகப் போடுங்கள். கெட்டி வேண்டுமென்றால் வாழைக்காயைக் கூட்டுங்கள். அதிலுள்ள மாவுச்சத்துக் குழம்பை இறுக்கிக் கொடுக்கும். ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் மசித்து விட்டாலே போதும். சோளமாவோ வேறு எதுவோ கரைத்து ஊற்ற வேண்டியதில்லை.

அதிரைப் பண்டாரி மகன்

என் தந்தையார் கல்யாணங்களுக்குச் சோறு ஆக்கும் பண்டாரி. சிறுவனாக அவரோடு போய் அடுப்புக்குச் சவுக்குக் கட்டை தள்ளியவன் நான். தேக்சா என்னும் பெரிய விருந்துப் பாத்திரத்தில் வைக்கும் தாளிச்சாவுக்கும் வீட்டுச் சட்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பெரிய தேக்சா அடுப்பை அணைத்த பின்னும் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும், காய் அந்தச் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். ஆகவே அவர் கத்தரிக்காய் முக்கால் பதம் இருக்கும்போதே கட்டையை வெளியே இழுத்துவிடுவார். சஹன் என்னும் பெரிய தட்டில் நெய்ச்சோற்றைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து உண்ணும் நேரத்தில் அது சரியான பதத்துக்கு வந்திருக்கும். வீட்டில் சிறிய சட்டி விரைவில் ஆறிவிடுவதால், காய் முழுப் பதம் வந்த பிறகே இறக்க வேண்டும். கல்யாண வீட்டில் பார்த்த நேரக் கணக்கை அப்படியே வீட்டில் பின்பற்றினால் காய் பச்சையாக நிற்கும்.

விருந்துத் தாளிச்சாவுக்கு எலும்பு தனியாக வந்துவிடுவதற்கும் காரணம் உண்டு. நல்ல சதை பிரியாணிக்கும் குருமாவுக்கும் போய்விடும். எஞ்சிய எலும்புதான் தாளிச்சாவுக்கு. அந்த எலும்பை யாரும் குறைவாக நினைத்ததில்லை. சஹனில் நல்லி யாருக்கு என்ற போட்டிதான் நடக்கும்.

ஒரத்தநாட்டு உழவன்

பண்டாரி மகன் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, போன வாரம் எங்கள் வீட்டிலும் பருப்புப் போட்டு ஒரு முறை வைத்துப் பார்த்தோம். என் தாயாருக்குப் பிடித்துவிட்டது, அடுத்த முறையும் அப்படியே வைக்கச் சொல்கிறார். எனக்கு இன்னும் தேங்காய் அரைத்த குழம்பே மேல். ஆனால் பருப்பு மணத்தை மங்கச் செய்யும் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மன்னார்குடிச் செவிலி

இந்த இழையில் எவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளிச்சா மறுநாள்தான் சுவை கூடும் என்று சொல்லி, இரவு முழுக்க அடுப்பின் மேலேயே மூடி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இறைச்சியும் பருப்பும் கலந்த கெட்டியான குழம்பு மெதுவாகத்தான் ஆறும். கொதியையும் தாங்கி உயிரோடிருக்கும் சில கிருமிகளின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில்தான் முளைத்துப் பெருகும். விருந்துக்கு மறுநாள் வயிற்றுப்போக்கோடு குடும்பம் குடும்பமாக வருவோரை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். சமைத்து 2 மணி நேரத்துக்குள் உண்டது போக மீதியைச் சிறிய, அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பெரிய சட்டியை அப்படியே உள்ளே வைத்தால் நடுப்பகுதி நள்ளிரவு வரை சூடாகவே இருக்கும். மறுநாள் தேவையான அளவை மட்டும் எடுத்து, முழுவதும் கொதி வரும்வரை சுட வையுங்கள். மறுநாள் சுவை இதனால் குறையாது, புளியும் காரமும் கறிக்குள் இறங்குவது குளிரிலும் நடக்கும்.

முள்ளியாற்றங்கரை

நேற்று மாலையிலிருந்து இங்கே அடைமழை. ஐயா சொன்னபடி புதிய பருப்பு வாங்கி, 150 கிராம் துவரம்பருப்பும் 50 கிராம் கடலைப்பருப்பும் கேன் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் 12 நிமிடம் வைத்தேன். திறந்தபோது மத்தே தேவைப்படவில்லை, கரண்டி பட்டதும் கரைந்தது. கால் கிலோ பருப்பு போட்டது அதிகம் என்றும் இப்போது தெரிகிறது. முக்கால் கிலோ எலும்புக்கறிக்கு 200 கிராம் போதும். கறிக்கு 25 நிமிடம். வாழைக்காய் 7 நிமிடம், பிறகு பருப்பு, பிறகு புளியும் கத்தரிக்காயும் 12 நிமிடம், கடைசியில் மாங்காய் 5 நிமிடம். இறக்குவதற்கு முன் அரை மூடித் தேங்காயின் முதற்பாலை ஊற்றிக் கொதி வருமுன் அணைத்துவிட்டேன். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நெய்யில் தாளித்துக் கொட்டியபோது எழுந்த மணம், அந்தத் தூக்குவாளியைத் திறக்கும்போது எழுந்த அதே மணம். சீரகச்சம்பாவில் நெய்ச்சோறு ஆக்கி 5 பேர் உண்டோம். செவிலி அம்மா சொன்னபடி மீதியை 3 பாத்திரங்களில் பிரித்து வைத்திருக்கிறேன்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மாங்காயைத் துண்டு போடும்போது கொட்டையை எறிந்துவிட்டேன். பக்கத்து வீட்டுத் தாளிச்சாவில் கொட்டையோடு ஒரு துண்டு வரும் என்று நினைவு. அதைச் சேர்க்க வேண்டுமா? இப்போது கிடைத்தது பருவம் தப்பிய மாங்காய், புளிப்புக் குறைவு.

நாகூர்ச் சமையலறை

தம்பி, உங்கள் பக்கத்து வீட்டார் எங்களைப் போலத்தான் செய்திருக்கிறார்கள். கொட்டையை எறியாதீர்கள். இளங்கொட்டையாக இருந்தால் இரண்டாகப் பிளந்து உள்பருப்பை மட்டும் எடுத்துவிடுங்கள், அது துவர்க்கும். முற்றியிருந்தால் பிளக்காமல் முழுதாகவே போடுங்கள். ஒட்டியிருக்கும் சதைதான் கறிச்சாற்றை நன்றாக உறிஞ்சியிருக்கும். புளிப்புக் குறைந்த மாங்காய் என்றால் புளியை நெல்லிக்காய் அளவு கூட்டுங்கள், ஆனால் அந்தக் கூடுதல் புளியை மாங்காய் வெந்த பின் ருசி பார்த்து ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் புளிப்பு மாங்காய் வரும்போது புளியைப் பாதியாகக் குறைத்து ஒரு முறை வைத்துப் பாருங்கள்.